சிகிச்சையில் தவறு நேர்ந்தால் டாக்டர் எப்படிச் சொல்ல வேண்டும்? செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் மருத்துவம் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கேள்விகள் புதிதில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். மருந்துச் சீட்டு எழுதி முடித்ததும் கதவைச் சாத்திவிட்டுச் சிலர் கேட்பார்கள். சிங்கப்பூரிலிருந்து ராத்திரி வாட்ஸ்அப்பில் வரும். கேட்பவர்களில் பாதிப் பேர் நோயாளியின் வீட்டார், மீதிப் பேர் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்திருக்கும் இளம் மருத்துவர்கள். இரண்டு தரப்புக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னால் ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல் போகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். சட்டம் பற்றிச் சொல்லியிருப்பது பொதுவான விவரம்தான். உங்கள் விஷயத்துக்கு ஒரு வக்கீலைப் பாருங்கள்.

ஆபரேஷன் சரியாக வரவில்லை என்றாலே டாக்டர் தவறு செய்துவிட்டார் என்று அர்த்தமா?

இல்லை. பித்தப்பையை எடுக்கும்போது பித்தக் குழாயில் காயம் படுவது கைதேர்ந்த சர்ஜனுக்கும் நேரக்கூடியது. அப்படி ஆகலாம் என்று முன்கூட்டியே சொல்லி, ஆனதும் கண்டுபிடித்துச் சரிசெய்தால் அது சிக்கல். அதே ஆபரேஷனில் வயிற்றுக்குள் காஸ் துணியை வைத்துத் தைத்துவிட்டால் அது தவறு. தைப்பதற்கு முன் துணிகளை எண்ணிச் சரிபார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று உண்டு, பெரும்பாலானவை அந்த வகைதான். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் சனிக்கிழமை வந்தது, திங்கட்கிழமைதான் டாக்டர் கண்ணில் பட்டது. லேபில் ஒருவர், வார்டில் ஒருவர், டாக்டர் ஒருவர் என்று பொறுப்பு மூன்று கையில் இருந்தது, மூவருமே மற்றவர் பார்த்திருப்பார் என்று நினைத்தார்கள். மருத்துவமனைச் சிகிச்சையின்போது ஏறத்தாழ பத்து நோயாளிகளில் ஒருவருக்கு ஏதோ ஒரு பாதிப்பு நேர்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் கணிசமானது தவிர்க்கக்கூடியது. இதற்காகவே 2019 முதல் ஆண்டுதோறும் செப்டம்பர் 17ஐ உலக நோயாளர் பாதுகாப்பு நாளாக அந்த நிறுவனம் கடைப்பிடிக்கிறது.

சிக்கலோ தவறோ, நடந்ததைச் சொல்ல வேண்டிய கடமை ஒன்றுதான். எந்த வகை என்று முடிவு செய்யும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது சரியல்ல.

தவறு நடந்தால் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

இங்கிலாந்தில் இருக்கிறது. ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் நோயாளிகள் கவனிப்பின்றி விடப்பட்ட விவகாரத்தில் ராபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான விசாரணை 2013இல் அறிக்கை தந்தது. அதையொட்டி 2014இல் அரசு மருத்துவ அமைப்புகளுக்கும், 2015இல் மற்றவர்களுக்கும், நோயாளிக்குப் பாதிப்பு நேர்ந்தால் உள்ளதைச் சொல்வதைச் சட்டக் கடமையாக்கினார்கள்.

இந்தியாவில் அப்படி நேரடியான சட்டம் இல்லை. இருப்பது 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள். நோயின் தீவிரத்தைக் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது, நோயாளியும் வீட்டாரும் நிலைமையைத் தெரிந்துகொள்ளும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்கின்றன அவை. 2023 ஆகஸ்டில், அந்தக் கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளைக் கொண்டுவந்தது, அதே மாதம் நிறுத்தியும் வைத்தது. ஆக, பழைய விதிதான் கையில் இருக்கிறது. 'கூட்டாதே, குறைக்காதே' என்ற அந்த ஒரு வரியை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே இந்தப் பக்கத்துக்கு வேலை இருக்காது.

யார் வந்து சொல்ல வேண்டும்? ஆபரேஷன் செய்தவர் மதுரைக்குப் போய்விட்டாரே?

நம் பகுதிக்கே உரிய சிக்கல் இது. வாரத்தில் குறிப்பிட்ட நாளில் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ஸ்பெஷலிஸ்ட் வருவார். வரிசையாக நாலு ஆபரேஷன் முடித்துவிட்டுச் சாயங்காலம் கார் ஏறிவிடுவார். ராத்திரி பிரச்சினை தெரியும்போது அங்கே இருப்பது டியூட்டி டாக்டரும் சிஸ்டரும்தான். "பெரிய டாக்டர் வந்து சொல்வார்" என்று இவர்கள் சொல்ல, "அங்கே இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று அவர் நினைக்க, இரண்டு நாள் ஓடிவிடும்.

என் கருத்து: அன்றைக்கே உள்ளூர்ப் பொறுப்பு மருத்துவர் முதல் தகவலைச் சொல்ல வேண்டும். கத்தி பிடித்தவர் போனிலாவது அதே நாளில் குடும்பத்தோடு பேச வேண்டும், அடுத்த முறை ஊருக்கு வரும்போது நேரில் உட்கார்ந்து பேச வேண்டும். மருத்துவமனை மேனேஜரையோ பிஆர்ஓவையோ அனுப்பிச் சொல்லவைப்பது, தகவல் சரியாகவே இருந்தாலும், குடும்பத்தை அவமதிப்பது. பணிக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆன டியூட்டி டாக்டரைத் தனியாக அனுப்புவதும் அப்படியே.

எப்போது சொல்ல வேண்டும்? எல்லாம் தெளிவானபிறகு சொன்னால் போதாதா?

முதலில் நோயாளியைக் காப்பாற்றும் வேலை. அது முடிந்ததும் அன்றைக்கே. மறுநாளுக்குமேல் தள்ளினால் ஆயாம்மா மூலமாகவோ, பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருப்பவர் மூலமாகவோ விஷயம் வெளியே போய்விடும். இந்த ஊரில் காலையில் வார்டில் நடந்தது சாயங்காலம் சந்தையில் தெரியும், கை கால் முளைத்து. தெளிவாகாத விஷயத்தை 'இன்னும் தெளிவாகவில்லை' என்று சொல்வதில் குறைவு ஒன்றுமில்லை.

எப்படிப் பேசுவது? ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?

பள்ளத்தூர்ப் பக்கத்து ஆச்சி ஒருவர், எழுபதைத் தாண்டியவர், கால் புண்ணுக்காக நர்ஸிங் ஹோமில் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் இன்சுலின் 20 யூனிட் போட வேண்டும். நம் நாட்டில் இன்சுலின் குப்பி இரண்டு திறனில் வருகிறது: ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது, 100 யூனிட் உள்ளது. முதலாவதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20ஆம் கோடுவரை இழுத்தால் அரை மில்லி வரும். அதில் இருப்பது 20 இல்லை, 50 யூனிட். இரண்டரை மடங்கு. பத்து மணிக்கு ஆச்சிக்கு வியர்த்துக் கொட்டுகிறது, பேச்சு குழறுகிறது, சர்க்கரை 42. குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்துவிட்டார்.

இந்த இடத்தில் வழக்கமாக நடப்பது என்ன? டாக்டர் வாசலில் நின்றபடியே, "லோ சுகர் ஆயிருச்சு, இப்ப சரியாப் போச்சு. காலையில சரியாச் சாப்பிடலையோ?" என்று கேட்டுவிட்டு அடுத்த ரூமுக்குப் போய்விடுவார். பொய் என்று ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. ஆனால் தவறு ஆச்சியின் இட்லித் தட்டுக்குப் போய்விட்டது. மருமகள் அன்று முழுக்க "நான் இன்னொரு இட்லி வைத்திருக்கணும்" என்று மருகிக்கொண்டிருப்பார்.

சொல்ல வேண்டிய விதம் ஏறக்குறைய இப்படி. போனை வெளியே சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்தி, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து:

"ஆச்சி, காலையில உங்களுக்கு மயக்கம் வந்ததுக்குச் சாப்பாடு காரணம் இல்லை. நாங்க போட்ட ஊசிதான் காரணம். 20 யூனிட் போடச் சொல்லியிருந்தேன், 50 போயிருச்சு. தப்பு எங்க பக்கம். மன்னிச்சுக்கங்க. இப்ப சர்க்கரை 130க்கு வந்திருச்சு. ஆனா அந்த மருந்தோட வேகம் இன்னும் உள்ள இருக்கும். அதனால நாளைக்குக் காலைவரைக்கும் மணிக்கு ஒருதரம் விரல்ல குத்திப் பார்க்கணும், வலிக்கும், பொறுத்துக்கங்க. எப்படி மாறுச்சுன்னு முழுசா எனக்கு இன்னும் தெரியலை. விசாரிச்சுட்டு நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து சொல்றேன். மகனுக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அதன்பிறகு டாக்டர் பேசாமல் இருக்க வேண்டும். இதுதான் கஷ்டம். படித்தவர்களுக்கு மௌனம் வந்தால் உடனே அதை மருத்துவ விளக்கத்தால் நிரப்பத் தோன்றும். மருமகள் கோபப்படுவார், படட்டும். ஆச்சி, "அட விடுங்க தம்பி, வேணும்னா செஞ்சீக?" என்பார். நம் ஊர்ப் பெரியவர்கள் அநேகமாக அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பெருந்தன்மையை ரசீதாக வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. விளக்கம் கேட்கும் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை, மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான்.

எந்தெந்த வார்த்தைகளைத் தவிர்க்க வேண்டும்?

"விதி." "உங்க நேரம்." "வயசாயிருச்சுல்ல." "நம்ம கையில என்ன இருக்கு, மேல இருக்கிறவன் பார்த்துப்பான்." குன்றக்குடிக்கு நேர்ந்துகொள்வது குடும்பத்தின் உரிமை. தவறு செய்த தரப்பு முருகன்மேல் பாரத்தைப் போடக் கூடாது.

"ஒரு சின்ன ப்ராப்ளம்" என்பதும் வேண்டாம். சின்னதா பெரியதா என்பதை அனுபவிக்கிறவர் சொல்லட்டும். "மருந்து கொடுக்கப்பட்டுவிட்டது", "அளவு மாறிவிட்டது" என்று யாருமே செய்யாததுபோல் பேசுவதும் இதே ரகம். 'நாங்கள்' என்ற வார்த்தை வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

மன்னிப்புக் கேட்டு விவரம் சொல்லியாயிற்று. அத்தோடு கடமை முடிந்ததா?

முடியவில்லை. என்னிடம் வரும் குடும்பங்களில் முதல் நாள் ஒன்றுமே சொல்லவில்லை என்று குறைப்பட்டவர்களைவிட, 'சொன்னார், அப்புறம் ஆளையே காணோம்' என்று குறைப்பட்டவர்கள்தான் அதிகம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் அழுத்திச் சொல்ல முடியும் என்றால் நான் சொல்வது இதைத்தான்: டாக்டர் இரண்டாம் முறை வர வேண்டும்.

முதல் நாள் யாருக்கும் முழு விவரம் தெரியாது. நோயாளியும் அதிர்ச்சியில் இருப்பார், சொன்னதில் கால்பங்குதான் மனதில் நிற்கும். ராத்திரி படுத்துக்கொண்டு யோசிக்கும்போதுதான் கேள்விகள் முளைக்கும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆள் வராவிட்டால் முதல் நாள் கேட்ட மன்னிப்பே நடிப்பாகத் தெரிய ஆரம்பிக்கும்.

ஆச்சி கதைக்கே வருவோம். மறுநாள் ஐந்து மணிக்கு டாக்டர் வருகிறார். விசாரித்ததில் தெரிந்தது இது: ஆச்சி வீட்டிலிருந்து தன் இன்சுலின் குப்பியைக் கொண்டுவந்திருந்தார், அது 100 யூனிட். வார்டில் இருப்பு வைத்திருப்பது 40 யூனிட், அதற்கான சிவப்பு மூடி சிரிஞ்ச். வீட்டுக் குப்பியும் வார்டு சிரிஞ்சும் ஒரே ட்ரேயில் சேர்ந்துவிட்டன. இதை முதல் நாளே அவரால் சொல்லியிருக்க முடியாது. இனி என்ன மாற்றம் என்பதையும் இப்போதுதான் சொல்ல முடியும்: வீட்டிலிருந்து வரும் இன்சுலினை அட்மிஷனிலேயே வாங்கிக் கவரில் போட்டுப் பெயர் எழுதித் தனியே வைப்பார்கள், ஊசி ஏற்றும்போது குப்பியையும் சிரிஞ்சையும் இரண்டாவது ஆள் ஒருவர் பார்ப்பார். ஆச்சியின் மருமகள் அப்போது, "அப்ப வீட்டுல நான் எந்த சிரிஞ்ச் வாங்கணும்?" என்று கேட்பார். நாளை வீட்டில் நடக்கவிருந்த இன்னொரு தவறு அந்தக் கேள்வியோடு நின்றுபோகும்.

விசாரணை முடியவில்லை என்றாலும் சொன்ன நேரத்துக்கு வந்து, "இன்னும் முடியலை, வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்று சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனபின் ஒரு போனும் இதில் சேர்த்தி.

அப்பச்சிக்குத் தெரிய வேண்டாம், எங்களிடம் மட்டும் சொல்லுங்கள் என்று வீட்டார் கேட்டால்?

பாசத்தில் கேட்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் உடம்பு அவருடையது. வியாபாரம் பண்ணி, பிள்ளைகளைக் கரையேற்றிய மனிதர் தன் வயிற்றில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத் திராணி இல்லாதவராகிவிட மாட்டார். நான் செய்வது: நோயாளியிடமே கேட்டுவிடுவேன். "ஐயா, ஆபரேஷன்ல நடந்ததை உங்ககிட்டயே விவரமாச் சொல்லட்டுமா, இல்லை மகன்கிட்டப் பேசிக்கட்டுமா?" என்றால், "அவன்கிட்டப் பேசுங்க" என்று சிலர் சொல்வார்கள். அது அவர் முடிவு, அப்படியே செய்யலாம். நினைவில்லாத நோயாளி, குழந்தை என்றால் பெற்றோரிடமோ நெருங்கிய உறவிடமோ.

கூடவே இன்னொன்று. பங்காளிகள் பத்துப் பேர் வராந்தாவில் நிற்கும்போது பொதுவில் அறிவிக்கக் கூடாது. யார் யார் இருக்கலாம் என்பதை நோயாளி சொல்லட்டும்.

பிள்ளைகள் வெளிநாட்டில். ஊரில் வயதானவர்கள் மட்டும். யாரிடம் சொல்வது?

முகப்பிலிருந்து இரண்டாம் கட்டுவரை விளக்குப் போடவே ஆள் இல்லாத வீடுகள் இங்கே எத்தனையோ. கூட இருப்பது சம்பளத்துக்கு வந்த பணிப்பெண், முடிவெடுப்பது சிங்கப்பூரில் இருக்கும் மகன். பணிப்பெண்ணிடம் சொல்லி அனுப்பக் கூடாது. அவர் சொல்வது திரிந்துபோகும், பழியும் அவர் தலையில் விழும். நோயாளியின் சம்மதத்தோடு வீடியோ கால் போடுங்கள், ஆனால் நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து போடுங்கள். அவரைத் தாண்டி அவரைப் பற்றிப் பேசுவதாக ஆகிவிடக் கூடாது. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னே ஓடுகிறது. நம் ராத்திரி ஒன்பதரை அங்கே நள்ளிரவு. அந்த நேரத்தில் 'கால் மீ அர்ஜென்ட்' என்று மட்டும் செய்தி அனுப்பிவிட்டு எடுக்காமல் இருப்பது பாவம்.

வாய்ஸ் மெசேஜில் தவறைச் சொல்லாதீர்கள். கேட்பவர் பதிலுக்குக் கேள்வி கேட்க முடியாது, ஒரு மணி நேரத்தில் அது மூன்று குடும்பக் குரூப்புகளில் இருக்கும்.

மன்னிப்புக் கேட்டால் கோர்ட்டில் அதையே ஆதாரமாக்கி மாட்டிவிட மாட்டார்களா? (இளம் மருத்துவர்கள் கேட்பது)

நியாயமான பயம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1986இலேயே வருத்தம் தெரிவித்ததை வழக்கில் ஆதாரமாக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது, பிறகு பல மாநிலங்கள் பின்பற்றின. நமக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. நீங்கள் ஒப்புக்கொண்டதைச் சாட்சியமாகக் கொண்டுவர முடியும். ஆனால் ஒப்புதல் மட்டுமே முடிவான நிரூபணம் ஆகிவிடாது என்பதும் நம் சாட்சியச் சட்டத்திலேயே இருக்கிறது.

நடந்ததைச் சொல்வது வேறு, அது சட்டப்படி அலட்சியம் என்று தீர்ப்புச் சொல்வது வேறு. "50 யூனிட் போயிருச்சு, தப்பு எங்க பக்கம்" என்பது கேஸ் ஷீட்டிலேயே இருக்கப்போகும் உண்மை. அலட்சியமா, எவ்வளவு நஷ்டஈடு என்பதெல்லாம் உங்கள் வேலை இல்லை. தொழில் காப்பீடு எடுத்திருந்தால் பாலிசியைப் படியுங்கள். எங்களைக் கேட்காமல் பொறுப்பை ஏற்கக் கூடாது என்ற நிபந்தனை அநேகமாக இருக்கும். அதனால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே தகவல் கொடுங்கள். அவர்கள் பதில் வரும்வரை நோயாளியிடம் பேசக் கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். குற்ற வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும். வேறொரு தகுதியான மருத்துவரின் கருத்து இல்லாமல், தனிநபர் நேரடியாகக் கோர்ட்டில் தரும் குற்றப் புகாரை ஏற்கக் கூடாது. புகார் வந்ததுமே வழக்கமான நடவடிக்கைபோல டாக்டரைக் கைது செய்யவும் கூடாது. கணிப்பில் நேர்ந்த பிழை எல்லாமே அலட்சியம் அல்ல என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் வழக்குகள் கூடாதா?

கூடவில்லை என்றுதான் வெளிநாட்டு அனுபவம் காட்டுகிறது. கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனை 1987 வாக்கில் தவறுகளைத் தானே முன்வந்து சொல்லி நஷ்டஈடும் பேசத் தொடங்கியது. பிற்பாடு கணக்குப் பார்த்தபோது, அதேபோன்ற மற்ற மருத்துவமனைகளைவிட அது கொடுத்த தொகை மிதமாகவே இருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001இல் இதே வழிக்கு வந்தது. 2010இல் வெளியான ஆய்வின்படி, மாதந்தோறும் ஒரு லட்சம் நோயாளி வருகைக்கு 2.13 என்றிருந்த வழக்குகள் 0.75 ஆகக் குறைந்தன.

இதை அப்படியே இங்கே பொருத்த முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே பணம் கொடுப்பது பல்கலைக்கழகம். இங்கே இருபது படுக்கை நர்ஸிங் ஹோம் டாக்டரின் சொந்த முதலீடு, வங்கிக் கடன் வேறு. உண்மை சொல்வதற்கு அவர் கொடுக்கும் விலை கூடுதல்தான். ஆனால் அதே காரணத்தால், மூன்று தலைமுறையாக அவரிடமே வரும் குடும்பங்களும் அவருடைய முதலீடுதான்.

ஊசி போட்ட சிஸ்டரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். நியாயம் கிடைத்ததாக எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளாதீர்கள். ட்ரேயில் இரண்டு வகை இன்சுலின் அப்படியே இருந்தால் அடுத்து வரும் சிஸ்டரும் அதையே செய்வார். தவறில் சிக்கியவரும் உடைந்துபோகிறார். 2000ஆம் ஆண்டு ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் அப்படிப்பட்டவர்களை 'இரண்டாவது பாதிப்பாளர்' என்று எழுதினார். முதலாவது நோயாளி என்பதை மறக்காமல் இதைப் படிக்க வேண்டும். "சிஸ்டரை என்ன செய்தீர்கள்" என்று கேட்பதைவிட "ட்ரேயை என்ன செய்தீர்கள்" என்று கேளுங்கள்.

கேஸ் ஷீட் நகல் கேட்கலாமா? கேட்டால் திருத்திவிட்டுக் கொடுத்தால்?

கேட்கலாம். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். இரண்டும் 2002 விதிகளில் உள்ளவை. இரண்டு பிரதியாக எழுதிக் கொடுத்து, ஒன்றில் தேதியோடு கையெழுத்தும் சீலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மருத்துவர்களுக்கு: எழுதியதை அடித்துத் திருத்தாதீர்கள். விட்டுப்போனதை எழுத வேண்டுமென்றால் எழுதும் தேதி, நேரம் போட்டுப் புதிய குறிப்பாக எழுதுங்கள். மறைக்கப் பார்த்தார் என்று தெரிந்துவிட்டால் அதுவரை பாதுகாத்த சட்டமும் கைவிடும். டிஸ்சார்ஜ் சம்மரியில் தவறும் அதற்குச் செய்த சிகிச்சையும் வர வேண்டும். அடுத்த டாக்டர் பார்க்கப்போவது அதைத்தான்.

தவறால் கூடுதலாக மூன்று நாள் ஐசியூ. பில்லை யார் கட்டுவது?

நான் பார்த்தவரை மனம் கசந்துபோவது பெரும்பாலும் கேஷ் கவுண்டரில்தான். மேலே டாக்டர் மன்னிப்புக் கேட்கிறார், கீழே அதே தவறுக்கான மருந்துக்கு ஜிஎஸ்டியோடு பில் வருகிறது. தவறைச் சரிசெய்ய ஆன செலவை நோயாளியிடம் வாங்கக் கூடாது, கேட்பதற்கு முன்பே கழித்துவிட வேண்டும். பில்லைக் கழிக்கிறோம், 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று கையெழுத்துப் போடுங்கள் என்று தாளை நீட்டினால், வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள்.

இங்கே நடந்த தவறை மதுரை டாக்டர் கண்டுபிடிக்கிறார். அவர் சொல்வாரா?

சொல்ல வேண்டும், ஆனால் ஸ்கேனில் கண்டதை மட்டும். முதல் டாக்டர் எந்தச் சூழ்நிலையில் முடிவெடுத்தார் என்று அவருக்குத் தெரியாது. "யார் இப்படிப் பண்ணினது?" என்று நோயாளி முன்னால் உச்சுக்கொட்டுவது எளிது, அசிங்கமும்கூட. முதல் டாக்டருக்குப் போன் செய்து விவரம் கேட்டுவிட்டு, கண்டதை நோயாளியிடம் சொல்லி, எழுத்திலும் கொடுப்பதுதான் முறை.

அரசு மருத்துவமனை என்றால் யாரிடம் போவது?

முதலில் அங்குள்ள தலைமை மருத்துவரிடம் எழுத்தில் கொடுங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீன். 104 எண்ணிலும் புகார் சொல்லலாம். ஆவணம் தராவிட்டால் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நஷ்டஈடு கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகிறவர்கள் உண்டு. வக்கீலுக்கு வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், எண் 15100.

அரசு மருத்துவர்களுக்கும் இந்தப் பக்கத்தில் சொன்ன எல்லாமும் பொருந்தும். ஓபியில் கூட்டம் நெரியும்போது கதவைச் சாத்தி உட்கார இடமே இல்லை என்பார்கள், உண்மைதான். டியூட்டி ரூமில் பத்து நிமிஷம் கிடைக்கும்.

தனியார் மருத்துவமனை எதையும் சொல்ல மறுத்தால்?

எழுத்தில் கேள்விகளை அனுப்புங்கள்: என்ன நடந்தது, எப்போது தெரிந்தது, என்ன செய்தீர்கள், இனி உடம்புக்கு என்ன கவனிக்க வேண்டும். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி சிகிச்சை மதுரையில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சிவகங்கையிலோ புதுக்கோட்டையிலோ புகார் தரலாம். பொதுவாக 2 ஆண்டுக்குள் தர வேண்டும். மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சம்வரை என்றால் கட்டணம் இல்லை. டாக்டரின் நடத்தை பற்றிய புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் போகும். அவர்கள் நடவடிக்கை எடுக்கலாம், பணம் வாங்கித்தர மாட்டார்கள்.

கூட்டம் சேர்த்துக் கண்ணாடியை உடைப்பதால் பதில் கிடைக்காது. மருத்துவமனைகளைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. கேள்வி கேட்க வேண்டியவர் அதில் குற்றவாளியாகிவிடுவார்.

ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துக்கொள்ளலாமா?

இரண்டு தரப்புக்கும் தெரிந்த ஒரு பெரியவர் உட்கார்ந்து பேச்சு தடிக்காமல் பார்த்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் அவர் முதல் வார்த்தையிலேயே தொகைக்குப் போய்விட்டால் என்ன நடந்தது என்பது கடைசிவரை தெரியாது. விளக்கம் முதலில், தொகை பிறகு. கமிஷன் பார்க்க வரும் ஆட்களை இரு தரப்புமே வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அதே டாக்டரிடம் திரும்பப் போகலாமா?

போகலாமா வேண்டாமா என்பதற்குப் பொது விதி இல்லை. தானாக வந்து சொன்னாரா, சொன்ன நாளில் திரும்ப வந்தாரா, ஆவணத்தைத் தயங்காமல் கொடுத்தாரா என்று பாருங்கள். மூன்றும் ஆம் என்றால் நான் போவேன். வேறு டாக்டரிடம் போக நினைத்தால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். பழைய கேஸ் ஷீட், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் பிலிம் எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துக்கொண்டு போங்கள். நடந்த தவறையும் புதிய டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்து எழுதப்போகும் மருந்தின் அளவு அதைப் பொறுத்து மாறலாம்.